பனி பெய்த பிராக் அந்தச் சுவரிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தின் வாசிப்பு அறையில் மாட்டியிருக்கும் பிராக் நகரத்துப் புகைப்படத்தை எடுத்துவிட்டு அங்கே நம் கோயில் படம் ஒன்றை மாட்ட வேண்டும் என்று, கும்பகோணத்து வாசகர் ஒருவர் சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டவன் நான். மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், அப்பா காலத்திலிருந்து படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறோம். தஞ்சாவூர் ஓவியங்கள், கல்யாணப் படங்கள், காலமானவர்களின் படங்கள் என்று எல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். படத்தை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அந்த வாசகரின் ஆதங்கத்தில் ஒரு பாதி சரி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கருப்பு வெள்ளைப் படம். செக் நாட்டின் தலைநகரான பிராகில், வல்தாவா ஆற்றின் மேல் இருக்கும் சார்லஸ் பாலம். இரவெல்லாம் பனி பெய்து ஓய்ந்த விடியற்காலை. பாலத்தின் இரண்டு பக்கமும் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லோருடைய தலையிலும் தோளிலும் பனி. கைப்பிடிச் சுவரின் மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பனி. ஒரே ஒரு ஆள் குடையில்லாமல் நடந்து போகிறார்; அவர் கால்தடம் மட்டும் தெரிகிறது. வலது மூலையில், குன்றின் மேல் அரண்மனையும் பேராலயத்தின் கோபுரங்களும் பாதி மங்கலாக நிற்கின்றன. நம் ஊர்க்காரர் ஒருவர் அந்த நகரத்தில் பல வருடம் வேலை பார்த்தார். இந்த நூலகத்தில்தான் அவருடைய அப்பா தினமும் மாலையில் உட்கார்ந்து படிப்பாராம். அப்பாவின் நினைவாக, தான் வாங்கி வைத்திருந்ததிலேயே நல்ல படத்தை நூலகத்துக்குக் கொடுத்தார்.

"இந்தப் படம் இணையத்தில் சும்மா கிடைக்கும், இதற்கு இத்தனை மரியாதையா" என்று வாசகர் கேட்டிருந்தார். பாலத்தின் படம் ஆயிரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இது கைப்பேசியில் பார்க்கும் படம் அல்ல. பருத்தியில் செய்த கனமான காகிதத்தில், எளிதில் சாயம் மங்காத நிறமி மையில் அச்சிட்டது. படமெடுத்தவர் தானே பார்த்துச் சரி செய்து, இத்தனை பிரதிகளுக்கு மேல் போடுவதில்லை என்று முடிவு செய்து, கீழ் ஓரத்தில் பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெட்டியைப் பிரித்தபோது கடைப் பையன்கள்கூடக் கையைத் துடைத்துக்கொண்டுதான் கிட்டே வந்தார்கள்.

பனியைப் படமெடுப்பது எளிதல்ல. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். பனியை அதன் கணக்குக்கு விட்டால் அழுக்கு வேட்டி நிறத்தில் வந்து நிற்கும். அதனால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை, அதாவது இரண்டு முதல் நான்கு மடங்கு வரை, வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகிவிட்டாலோ, பனியின் மேடு பள்ளம் எல்லாம் அழிந்து வெறும் வெள்ளைதான் மிஞ்சும். இந்தப் படத்தில் கைப்பிடிச் சுவரின் மேல் இருக்கும் பனியில், காற்று வாரிவிட்ட மெல்லிய கோடுகள்கூடத் தெரிகின்றன. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருக்கும்.

சட்டம் போடுகிறவனுக்கு இதில் வேறொரு கவலை இருக்கிறது. அச்சில் பனி என்பது பெரும்பாலும் மை படாத காகிதம்தான். சிலைக்கு மை இருக்கிறது, ஆற்றுக்கு மை இருக்கிறது, பனிக்குக் காகிதத்தின் சொந்த வெள்ளைதான் இருக்கிறது. காகிதம் பழுத்தால் பனி பழுக்கும். கோபுரப் படத்தில் காகிதம் லேசாக மஞ்சளித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கல்லின் நிறத்தோடு போய்விடும். பனிப் படத்தில் ஒரு புள்ளி பூஞ்சை வந்தாலும் நாலு அடி தூரத்திலிருந்து தெரியும். அதுவும் நம் ஊரில்! ஐப்பசி கார்த்திகையில் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது, அலமாரித் துணி வாடை அடிக்கிறது, வெல்லம் உருகி வழிகிறது. அந்தக் காற்றில்தான் இந்தப் படம் தொங்க வேண்டும்.

அதனால் படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் சாதாரண மவுண்ட் அட்டையைத் தொடவேயில்லை. மரக்கூழில் செய்த அந்த அட்டையில் அமிலம் இருக்கும். சில வருடத்தில் வெட்டிய ஓரம் பழுப்பாகி, அந்தப் பழுப்பு படத்துக்கும் இறங்கும். பழைய கல்யாணப் படங்களைச் சுற்றிப் பழுப்புக் கோடு ஒன்று ஓடுவதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பின்பக்கம் வெறும் ஹார்டுபோர்டை நேரடியாக வைத்தாலும் இதே கதைதான். சென்னையிலிருந்து அமிலம் இல்லாத அட்டை வரவழைத்து முன்னும் பின்னும் வைத்தேன். படத்தில் ஒரு சொட்டுப் பசைகூடப் படவில்லை. நான்கு மூலைகளையும் சின்னக் காகிதப் பைகளில் செருகி நிறுத்தியிருக்கிறது. பசை இருந்தால் இராமபாணப் பூச்சிக்கு அதுவே அழைப்பு. கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடி அல்ல. சாதாரணக் கண்ணாடியில் ஒரு பச்சை சாயல் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கத் தகட்டுக்கு மேல் அது தெரியாது, பனியின் மேல் அப்பட்டமாகத் தெரியும். அதனால் அந்தப் பச்சை இல்லாத எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடி போட்டேன். தங்க பீடிங் வைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கருப்புச் சாயம் பூசிய ஒல்லியான தேக்குச் சட்டம் போதும் என்று நின்றுவிட்டேன். பார்க்கிறவர் கண் நேராகப் பாலத்துக்குப் போக வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன், யாருக்காவது உதவும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி அவசியம். மவுண்ட் அட்டை வைப்பது அழகுக்கு மட்டும் இல்லை, அந்த இடைவெளிக்காகவும்தான். பழைய புகைப்படத் தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து உறவுக்காரர்கள் மூலம் எங்கள் கடைக்கு வந்த படங்கள் எல்லாம் இப்படி ஒட்டியவைதான். ஓடு பறந்த வீட்டில், தென்னை அத்தனையும் சாய்ந்த தோப்புக்கு நடுவில், அம்மாவின் ஒரே படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால் மனசு எப்படி இருக்கும்? அப்படி ஒட்டிக் காய்ந்த படத்தைத் தயவுசெய்து உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

சரி, "நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்" என்ற கேள்விக்கு வருகிறேன். படத்தை மாட்டிய அன்று பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம், "தாத்தா, பாலத்துல நிக்கிறவங்க எல்லாரும் சாமியா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, அவங்க ஊர் அடியார்கள்" என்றேன். வலது வரிசையில் தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம் வைத்த உருவத்தைக் காட்டி, "இவர் யாரு?" என்றாள். அவர் புனித ஜான் நெபோமுக். 1393-இல் அரசன் நான்காம் வென்செஸ்லாஸின் உத்தரவால் ஆற்றில் எறியப்பட்டவர். அந்தப் பாலத்தில் இருக்கும் 30 சிலைகளில் முதலில் வந்தது அவருடையதுதான், 1683-இல் வார்த்த வெண்கலம். வெள்ளத்திலிருந்து காப்பவர் என்று ஆற்றங்கரை மக்கள் அவரை நம்புகிறார்கள். அடியில் இருக்கும் வெண்கலத் தகட்டைத் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகியிருக்கிறது. ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குக் காதோலை கருகமணி விடும் ஊரில் பிறந்த குழந்தைக்கு இது புரியாதா? அவளுக்குப் புரிந்தது.

நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் அந்தப் பாலத்தைத் தொடங்கினார். 16 வளைவுகள், 500 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். சாந்தில் முட்டை கலந்ததாக அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த சுண்ணாம்பில் கட்டிய வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தக் கதை அந்நியமாகவே படாது. 1890-இல் பெருவெள்ளம் வந்தது. மிதந்து வந்த மரங்கள் தூண்களை அடைத்துக்கொண்டு மூன்று வளைவுகள் இடிந்து விழுந்தன. இரண்டே வருடத்தில், 1892-இல், பழைய மாதிரியே கட்டி எழுப்பினார்கள். 2002 ஆகஸ்டில் மறுபடியும் பெருவெள்ளம், பாலம் நின்றது.

நம் பக்கம் 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, திருச்சியில் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து போயின. பக்கத்தில் புதுப் பாலம் இருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் தொண்ணூறு வருடம் டெல்டாவின் தலைவாசலில் நின்ற பாலம் அது. இடிந்த அன்று கைப்பேசியில் எத்தனையோ பேர் எடுத்தார்கள். அந்தப் பாலம் முழுசாக நின்ற காலத்தில் பொறுமையாக எடுத்து, நல்ல காகிதத்தில் அச்சிட்டு, ஏதாவது ஒரு பொதுச் சுவரில் மாட்டிய படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இவ்வளவு வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் என் மேஜைக்கு அப்படி ஒன்று வந்ததில்லை.

வாசகரின் ஆதங்கத்தில் பாதி சரி என்றேனே, அது இதுதான். நம் ஊர்ப் படம் ஏன் அந்தச் சுவரில் இல்லை என்பது நியாயமான கேள்வி. அதற்காகப் பிராகை இறக்கினால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுமா? இறக்கிய இடத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நாட்காட்டியிலிருந்து பெரிதாக்கிய பெரிய கோயில் விமானம், வானம் நீலமோ நீலமாக, கீழே நன்கொடையாளர் பெயர் படத்தைவிடப் பெரிதாக. அப்படி எத்தனையோ படங்களுக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றிலாவது எடுத்தவர் பெயர் இருந்ததாக நினைவில்லை. எந்த மாதம், எந்த வருடம், எந்த வாசலில் நின்று எடுத்தது என்று ஒரு வரி இருந்ததில்லை. ராஜராஜன் தன் கோயிலுக்கு விளக்கு எரிக்க ஆடு கொடுத்தவர்கள் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தான். அந்தக் கோயிலைப் படமெடுத்தவர் பெயரை நாம் ஒரு காகிதத் துண்டில்கூட எழுதுவதில்லை. இது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

பிராகில் யோசஃப் சுதெக் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். 1896-இல் பிறந்தவர், புத்தகம் தைத்து அட்டை போடும் தொழில் கற்றவர். என்னைப்போல அட்டையும் பசையுமாகத் தொடங்கியவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். பழைய தொழிலுக்குத் திரும்ப முடியவில்லை. ஒற்றைக் கையோடு கனமான பெரிய பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு, 1976-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் ஒரே ஊரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். தெரு, தோட்டம், பனி, ஆவி படிந்த தன் ஜன்னல் கண்ணாடி. இந்தப் படத்தின் மூலையில் தெரியும் புனித விட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடிந்தது. முடியும் தறுவாயில் உள்ளே சாரமும் கற்குவியலும் தூசியில் விழும் வெயிலுமாக இருந்ததை அவர் வருடக்கணக்கில் படமெடுத்தார். நூலகத்துப் படத்தை எடுத்தவர் வேறொருவர். ஆனால் பனியில் விடியற்காலையில் போய்க் காத்து நிற்கும் பழக்கம் அந்த ஊருக்கு இப்படிப்பட்டவர்களால் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

நம் கோயில்களில் திருப்பணி நடக்காத வருடம் உண்டா? சவுக்குக் கம்பு கட்டிய சாரம், கீற்றுத் தட்டி மூடிய கோபுரம், மேலே உட்கார்ந்து சுதை பிடிக்கும் ஆசாரி. குடமுழுக்கு நாளில் டிரோன் பறக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களை யார் எடுக்கிறார்கள்?

எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. 1858-லேயே லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சாவூருக்கு வந்தார். பெரிய கோயில் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கேமரா வந்து இருபது வருடம்கூட முடியாத காலம் அது. அந்தப் படங்களின் பிரதிகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. தஞ்சாவூரில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று நின்று பார்க்க, நல்ல நகல் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நமக்குப் பனிப்பொழிவு இல்லை, சரி. பனிப்பொழிவு ஒரு பழைய நகரத்துக்கு என்ன செய்கிறதோ, அதை நமக்கு மழை செய்கிறது. கூட்டத்தை வீட்டுக்குள் அனுப்பி ஊரைக் காலி செய்து கொடுக்கிறது. அடைமழை விட்ட ஐந்தாவது நிமிடம் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். வெயிலில் வெளிறிக் கிடந்த கல் கருத்து, தேர்ச் சக்கரமும் குதிரையும் புதிதாகச் செதுக்கியதுபோல எழுந்து நிற்கும். மார்கழி விடியலில் பகவத் படித்துறையில் எதிர்க்கரை தெரியாது. படிக்கட்டும், குளிக்கிறவர் தலையும், அவரைச் சுற்றி எழும் ஆவியும்தான். சுவாமிமலைப் பட்டறைகளில் காவிரி வண்டலை மெழுகுச் சிலைமேல் பூசும் கைகள். தண்ணீர் வந்த முதல் நாள், வாய்க்கால் தலைப்பில் நுரையோடு வரும் குப்பையும் செத்தையும். கடைசியாகச் சொன்னது அழகாக இருக்காது என்று யாராவது சொல்லலாம். விவசாயியைக் கேளுங்கள், அதைவிட அழகு வேறு இல்லை என்பார்.

2028-இல் மகாமகம் வருகிறது. சாலை, கழிப்பறை, தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போடுவார்கள், போடட்டும். அதோடு சேர்த்து, இந்த ஊரைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு படங்களையாவது நன்றாக எடுக்கச் செய்து, பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, நூலகத்திலும் ரயில் நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் மாட்ட வேண்டும் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளையும், நம் தெருக்களில் ஸ்டூடியோ நடத்தி இப்போது வேலையில்லாமல் இருப்பவர்களையும் கூப்பிட்டால் போதும், வெளியூருக்குப் போக வேண்டாம். குளத்தைச் சுற்றி இருக்கும் 16 மண்டபங்களில் மழையும் வெயிலும் எப்படி மாறி மாறி விழுகின்றன என்று பார்க்க அவர்களுக்கு இரண்டு வருடமாவது வேண்டும். அதனால் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரும் இடமும் மாதமும் வருடமும் இருக்க வேண்டும். அட்டை, கண்ணாடி, மரம் வாங்கும் செலவை யாராவது ஏற்றால் போதும், சட்டம் போட எனக்குக் கூலி வேண்டாம்.

நூலகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது பிராக் படம் கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே தொங்குகிறது, காலை வெயில் அப்படியே அதன்மேல் விழுகிறது. எந்த மையும் காகிதமும் அதைத் தாங்காது. பத்திரிகை மேஜைக்கு மேலே இருக்கும் வடக்குச் சுவருக்கு மாற்றுங்கள். சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டித் தருகிறேன். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், மழைக்காலத்தில் சுவரின் ஈரம் ஏறாது. அந்தச் சுவர் அகலமானது. பிராகுக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னும் இரண்டு படங்களுக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

முதலில் எழுதிய அந்த வாசகரையும் அன்போடு அழைக்கிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் ஊரைச் சுவரில் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார், நானும் ஆசைப்படுகிறேன். ஒரு நாள் கடைக்கு வரட்டும். முதல் படம் எந்த இடத்தில், எந்த மாதத்தில் எடுக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
படச்சட்டக் கடைக்காரர்,
கும்பகோணம்.